பூச்சியத்தின் தலைமேல் ஒரு பூச்சியம்

இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் தொடர் ஒன்று உண்டு: "இலக்கியம் என்ன கணக்கா, இரண்டும் இரண்டும் நான்கு என்று முடித்துவிடுவதற்கு?" கவிதைக்குப் பல பொருள், கணக்குக்கு ஒரே விடை. இலக்கியத்தில் விவாதம் உண்டு. கணக்கில் விதி மட்டுமே உண்டு. இதுதான் அந்தத் தொடரின் உட்கிடை. சொல்பவர் இலக்கியத்தை உயர்த்துவதாக எண்ணிக்கொள்கிறார். கேட்பவர்களும் தலையசைக்கிறார்கள். பள்ளியில் கணக்கிடம் தோற்றவர்களுக்கு இது ஒரு சிறிய பழிவாங்கலாகவும் அமைந்துவிடுகிறது.

இந்தத் தொடர் பிழையானது என்பதோடு தீங்கானதும்கூட என்பது என் கருத்து. அதை நிறுவப் பெரிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளியில் வரும் அடுக்குக்குறி விதிகளும், மேல்நிலைப் பள்ளியில் வரும் ஒருபுற எல்லை என்னும் கருத்தும் போதும்.

தமிழ் படித்தவர்களுக்கு அடுக்கு புதிதன்று. யாப்பில் அசை இரண்டே வகை: நேர், நிரை. ஓரசையால் ஆன சீர் இரண்டு: நாள், மலர். ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். இந்த நான்கின் பின்னும் காய், கனி என்ற இரண்டைச் சேர்த்தால் மூவசைச் சீர் எட்டு. அதே நான்கின் பின் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்ற நான்கைச் சேர்த்தால் நாலசைச் சீர் பதினாறு. ஆக முப்பது சீர்கள். யாப்பு படித்த மாணவர் எவரும் இந்த முப்பதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் 2, 4, 8, 16 என்ற இந்த எண்கள் 2¹, 2², 2³, 2⁴ என்பதை அவர் கவனித்திருக்கமாட்டார். ஈரசையோடு ஈரசை சேர்ந்தால் நாலசை. எண்ணிக்கைகள் பெருகுகின்றன: 4 × 4 = 16. அசைகள் கூடுகின்றன: 2 + 2 = 4. "அடிமானம் ஒன்றாக இருக்கும் எண்களைப் பெருக்கினால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும்" என்று பாடநூலில் கட்டம் கட்டி வைத்திருக்கும் முதல் விதி இதுதான். தண்பூவும் நறுநிழலும் அறிந்தவருக்கு இதில் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை.

இனிப் பின்னோக்கி நடக்கலாம். நாலசைக்குப் பதினாறு, மூவசைக்கு எட்டு, ஈரசைக்கு நான்கு, ஓரசைக்கு இரண்டு. ஓர் அசை குறையும்போதெல்லாம் எண்ணிக்கை பாதியாகிறது. அப்படியானால் அசையே இல்லாத சீர் எத்தனை? ஒன்று. இரண்டில் பாதி ஒன்றுதானே! பாடநூல் இதை 2⁰ = 1 என்று எழுதுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் யாப்பு வகுப்பில் இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதியபோது முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, எதையுமே பெருக்காமல் ஒன்று எங்கிருந்து வருகிறது?" பள்ளியிலும் இதையே கேட்டாளாம். சூத்திரம் அப்படித்தான் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். கணக்கு வராதவள் என்ற பெயரோடுதான் அவள் தமிழ் இலக்கியத்துக்கு வந்திருந்தாள். ஆனால் அவள் கேட்டது கணிதத்தின் ஆழமான கேள்விகளுள் ஒன்று.

ஏனெனில் அவள் ஐயம் முற்றிலும் நியாயமானது. இரண்டை மூன்று முறை எழுதிப் பெருக்குவது 2³. அப்படித்தான் அடுக்கை முதலில் வரையறுக்கிறோம். இரண்டைப் பூச்சியம் முறை எழுதிப் பெருக்குவது என்றால் என்ன? அந்த வரையறை இங்கே வாய் திறப்பதில்லை. ஆகவே 2⁰ இன் மதிப்பு பெருக்கிக் கண்டதன்று. அடுக்குகளைக் கூட்டும் விதி இங்கும் செல்லுபடியாக வேண்டுமென்றால் 2³ × 2⁰ என்பது 2³ ஆகவே இருக்க வேண்டும். எட்டை எதனால் பெருக்கினால் எட்டாகவே இருக்கும்? ஒன்றால். ஒன்றால் மட்டுமே. விதி உயிரோடிருக்க வேண்டும் என்று நாம் முடிவுசெய்தோம்; அந்த முடிவு இந்த மதிப்பைக் கேட்டு வாங்கியது.

இன்னும் ஒரு படி இறங்கினால் ஒன்றில் பாதி. அடுக்கு எதிர்ம எண்ணாகிறது: 2 இன் அடுக்கு −1 என்பது ½. அசை என்ற உருவகம் இங்கே நின்றுவிடுகிறது. ஓர் அசை குறைவுபட்ட வெறுமையை எந்த யாப்பிலும் காட்ட முடியாது. ஆனால் விதி நிற்கவில்லை. அடுக்கு அரையானால்? அரையும் அரையும் கூடி ஒன்றாவதால், அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க 2 வர வேண்டும். அதாவது 2 இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.414. எண்ணுவதற்காகப் பிறந்த ஒரு குறியீடு, எண்ண முடியாதவற்றுக்கும் பொருள் தரத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பயணம் எளிதாக நடந்துவிடவில்லை. நிக்கோலா ஷூகே என்ற பிரெஞ்சுக்காரர் 1484 இல் எழுதிய கையெழுத்துப் படியில் பூச்சிய அடுக்கும் எதிர்ம அடுக்கும் இடம்பெற்றுவிட்டன. ஆனால் அந்தப் படி அச்சேறியது 1880 இல்தான். நாம் இன்று எழுதுவதுபோல எண்ணின் வலத்தோளில் சிறிய இலக்கத்தை ஏற்றி வைக்கும் வழக்கத்தைப் பரப்பியது தெகார்த் 1637 இல் வெளியிட்ட வடிவியல் நூல். அதில் நேர்ம முழு எண்கள் மட்டுமே அடுக்காக வந்தன. ஜான் வாலிஸ் 1656 இல் வெளிவந்த நூலில் எதிர்ம அடுக்கையும் பின்ன அடுக்கையும் பேசினார். 1676 இல் நியூட்டன் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் அவை இயல்பான நடையாகவே வந்துவிடுகின்றன. ஷூகேயிலிருந்து நியூட்டன் வரை 192 ஆண்டுகள். நம் மாணவர்களோ இதை ஒரே பாடவேளையில் கடக்க வேண்டியிருக்கிறது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும் ஒன்று. 5⁰ = 1, 100⁰ = 1. இது ஒரு விதி. பூச்சியத்தின் எந்த நேர்ம அடுக்கும் பூச்சியம். 0² = 0, 0⁷ = 0. இது மற்றொரு விதி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் 0⁰ நிற்கிறது. முதல் விதி ஒன்று என்கிறது. இரண்டாவது பூச்சியம் என்கிறது. ஒரே விடைதான் என்று நாம் கேலி செய்யும் கணக்கில், தலைமேல் பூச்சியம் சுமந்த பூச்சியத்துக்கு விடை என்ன?

இங்கேதான் எல்லை என்ற கருத்து உதவிக்கு வருகிறது. தமிழில் எல்லை என்றதும் ஊர் முடியும் இடம் நினைவுக்கு வரும். கணிதத்தில் வரும் எல்லை அதுவன்று. ஒரு புள்ளியை நெருங்க நெருங்க ஒரு சார்பின் மதிப்பு எதை நோக்கிச் செல்கிறதோ, அதுவே எல்லை. புள்ளியில் என்ன இருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. போகும் வழியில் என்ன நேர்கிறது என்பதை மட்டுமே கேட்கிறது. வழி இரண்டாக இருந்தால் கேள்வியும் இரண்டாகும். இடமிருந்து நெருங்கினால் கிடைப்பது இடப்பக்க எல்லை. வலமிருந்து நெருங்கினால் கிடைப்பது வலப்பக்க எல்லை. இவையே ஒருபுற எல்லைகள்.

நாமறிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நம் நாட்டுச் சட்டத்தின்படி 18 வயது நிறைந்தால் ஒருவர் மேஜர். மேஜர் அல்லாதவருக்கு 0 என்றும், மேஜருக்கு 1 என்றும் குறியிடுவோம். பிறந்தநாளை முன்பக்கமிருந்து எவ்வளவு நெருங்கினாலும் மதிப்பு 0. இடப்பக்க எல்லை 0. பின்னிருந்து நெருங்கினால் 1. வலப்பக்க எல்லை 1. சரியாக அந்தக் கணத்தில் என்ன மதிப்பு? இரண்டு எல்லைகளும் அதைச் சொல்வதில்லை. அந்தக் கணம் வலப்பக்கத்தைச் சேர்ந்தது என்பது சட்டம் எடுத்த முடிவு. இத்தகைய தாவல்களைச் சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதினால் என்ன ஆகும் என்று 1829 இல் ஆராய்ந்த டிரிஷ்லே, தாவும் புள்ளியில் அந்தக் கூட்டு இரு பக்க எல்லைகளின் சராசரியில் சென்று நிற்கிறது என்று காட்டினார். நம் எடுத்துக்காட்டில் ½. இடப்பக்கமும் தராத, வலப்பக்கமும் தராத, சட்டமும் தராத மதிப்பு!

இந்தக் கண்ணோடு 0⁰ ஐப் பார்ப்போம். ஒரு சிறிய எண்ணை எடுத்து, அதே எண்ணை அதற்கு அடுக்காக வைப்போம். 0.1 இன் அடுக்கு 0.1 என்பது ஏறத்தாழ 0.794. 0.01 இன் அடுக்கு 0.01 என்பது 0.955. 0.001 க்கு 0.993. 0.0001 க்கு 0.999. வலமிருந்து பூச்சியத்தை நெருங்க நெருங்க மதிப்பு 1 ஐ நோக்கி ஏறுகிறது. இடமிருந்து வர முடியுமா? −0.5 இன் அடுக்கு −0.5 என்பதற்கு எதிர்ம எண்ணின் வர்க்கமூலம் வேண்டும். மெய்யெண்களில் அது இல்லை. ஆக, இந்தச் சார்புக்கு இடப்பக்கத்தில் பாதையே கிடையாது. வலப்பக்க எல்லை மட்டும் உண்டு, அது 1.

இதைக் கண்டதும் 0⁰ = 1 என்று தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். பெரியவர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. கோஷி 1821 இல் வெளியிட்ட பாடநூலில் 0⁰ ஐ மதிப்பு நிச்சயிக்க முடியாத வடிவங்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். 1833 இல் லிப்ரி என்ற இத்தாலியர் 0⁰ ஐப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுத, விவாதம் மூண்டது. அடுத்த ஆண்டு மோபியஸ், தம் ஆசிரியர் பாஃபின் நிரூபணம் ஒன்றை முன்வைத்து, அடிமானமும் அடுக்கும் பூச்சியத்தை நெருங்கினால் மதிப்பு எப்போதும் 1 ஐயே நெருங்கும் என்று வாதிட்டார். ஓரெழுத்தை மட்டுமே கையொப்பமாக இட்ட ஒருவர் எதிர்ச்சான்று ஒன்றைக் காட்டி அந்த வாதத்தை உடைத்தார்.

அவர் காட்டியதன் எளிய வடிவத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். 1 க்குப் பின் பத்துப் பூச்சியங்கள் கொண்ட எண்ணால் 1 ஐ வகுத்துக் கிடைப்பதை, அதாவது 10 இன் அடுக்கு −10 ஐ, அடிமானமாக வைப்போம். அடுக்காக 1/10. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும் என்பது விதி. −10 ஐ 1/10 ஆல் பெருக்கினால் −1. விடை 0.1. இனிப் பத்துக்குப் பதிலாக நூறு, ஆயிரம், கோடி என்று வைத்துக்கொண்டே போகலாம். அடிமானம் பூச்சியத்தை நோக்கி விரைகிறது, அடுக்கும் பூச்சியத்தை நோக்கிச் செல்கிறது, விடையோ 0.1 ஐ விட்டு அசைவதேயில்லை. அடுக்கை மட்டும் மறுபக்கத்திலிருந்து, அதாவது −1/10, −1/100 என்று நெருங்கவிட்டால் விடை 10. பத்துக்குப் பதில் வேறோர் எண்ணை வைத்தால் விடையும் அதற்கேற்ப மாறும். சேரும் இடம் ஒன்றே. எந்த வழியில், எந்தப் பக்கமிருந்து வந்தீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி மாறுகிறது.

லிப்ரியைப் பற்றி ஒரு செய்தியை இலக்கிய வாசகர்களுக்குச் சொல்லாமல் நகர மனமில்லை. பிரான்சின் நூலகங்களிலுள்ள கையெழுத்துப் படிகளைப் பட்டியலிடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் அவற்றைத் திருடினார். 1848 இல் இலண்டனுக்குத் தப்பியோடினார். 1850 இல் அவர் இல்லாமலேயே பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் திருடியவற்றுள் தெகார்த் 1641 இல் எழுதிய கடிதமும் ஒன்று. 2010 இல் அது அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் இருப்பது தெரியவந்து, பிரான்சுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. எண்ணின் தோளில் அடுக்கை ஏற்றி வைத்தவரின் கடிதத்தை, பூச்சியத்தின் மேல் பூச்சியத்தை ஏற்றி விவாதம் கிளப்பியவர் களவாடியிருக்கிறார். கணித வரலாறு வறண்டது என்று யார் சொன்னது?

விவாதத்துக்குத் திரும்புவோம். மோபியஸின் தோல்விக்குப் பின் 0⁰ ஐ வரையறுக்காமல் விடுவதே பாதுகாப்பு என்று பாடநூல்கள் பலவும் முடிவுகட்டின. 1992 இல் கணினி அறிஞர் டொனால்ட் நூத் இதை மறுத்தார். 0⁰ ஐ ஒன்று என்று கொள்ளாவிட்டால் ஈருறுப்புத் தேற்றம் போன்ற அடிப்படைச் சூத்திரங்களே நொண்டும் என்றார். அதே சமயம், எல்லை காணும்போது 0⁰ நிச்சயமற்ற வடிவம் என்ற கோஷியின் கூற்றையும் அவர் ஏற்றுக்கொண்டார். இது முரண் அன்று. இரண்டு கேள்விகளை வேறுபடுத்துவது. "அந்த இடத்தில் என்ன மதிப்பை வைப்பது?" என்பது ஒரு கேள்வி. அதற்கு ஒன்று என்பது நல்ல விடை. நம் யாப்புக் கணக்கும் அதையே சொல்கிறது: அசை வகையே இல்லாத ஒரு மொழியில் ஓரசைச் சீர் கிடையாது, ஆனால் அசையே இல்லாத வெறுஞ்சீர் அங்கும் ஒன்று உண்டு. "அந்த இடத்தை நெருங்கும்போது மதிப்பு எங்கே போகிறது?" என்பது வேறு கேள்வி. அதற்கு, வழியைச் சொல்லுங்கள், விடை சொல்கிறேன் என்பதே பதில். கணினிகளின் எண்கணிதத்துக்கான ஐ.இ.இ.இ. 754 தரநிலை 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அடுக்கு காண மூன்று செயல்பாடுகளை வரையறுத்தது. அவற்றுள் இரண்டு 0⁰ க்கு 1 என்று விடை தரும். மூன்றாவது, இது எண் அன்று என்று கைவிரிக்கும். பொறியாளர்களும் இரண்டு கேள்விகளையும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள்.

இப்போது முதலில் சொன்ன தொடரை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் விவாதம் இல்லை என்பது பொய் என்று ஆகிவிட்டது. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இலக்கியத்துக்குப் பல பொருள் உண்டு என்று சொல்லும் நாம், பெரும்பாலும் அதை எந்தப் பொருளும் சரி என்பதற்கான அனுமதிச் சீட்டாக்கிவிடுகிறோம். 0⁰ அப்படி அனுமதிப்பதில்லை. அதை நெருங்கும் வழிகள் எண்ணற்றவை. ஆனால் நாம் பார்த்த வழி ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை, துல்லியமான விடை. 0.1 இல் கொண்டுவிடும் வழியில் போய்விட்டு, எனக்கு 0.3 போலத் தெரிகிறது என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. விமரிசகனிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான். எந்தப் பக்கமிருந்து வருகிறாய் என்று சொல். பிறகு, அந்தப் பக்கமிருந்து வந்தால் நீ சொல்லும் இடத்துக்குத்தான் வந்து சேர முடியும் என்று காட்டு. பன்மை என்பது பொறுப்பின்மை அன்று.

தீங்கு என்று சொன்னேன். அது வகுப்பறையில் நிகழ்கிறது. விதிகளுள் மூன்று வகை உண்டு. 2³ என்பது மூன்று இரண்டுகளின் பெருக்கம் என்பது வரையறை. பெருக்கினால் அடுக்குகள் கூடும் என்பது அதிலிருந்து வரும் முடிவு. 2⁰ = 1 என்பது அந்த முடிவைக் காப்பாற்ற நாம் செய்த நீட்டிப்பு. 0⁰ போன்ற இடங்களில் நீட்டிப்பும் தேவையைப் பொறுத்தது. இவை எல்லாவற்றையும் ஒரே குரலில், ஒரே கட்டத்துக்குள், "நினைவில் கொள்க" என்று சொல்லும்போது ஏன் என்று கேட்கும் பிள்ளைகள்தாம் முதலில் உதிர்கிறார்கள். கேட்காதவர்கள் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். உதிர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இலக்கியத்துக்கு வந்து, "இது என்ன கணக்கா?" என்ற தொடரைக் கற்றுக்கொள்கிறார்கள். வட்டம் முழுமையடைகிறது.

முதலில் விதியைப் பழக்கட்டும், காரணம் பிறகு வரட்டும் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வதுண்டு. நெட்டுருவை நான் இகழவில்லை. முப்பது சீர்களையும் நெட்டுருப் போடச் சொல்லும் தொழில் என்னுடையது. ஆனால் நம் இலக்கண நூலார் விதிகளைச் சொல்லிவிட்டு, இயல்களின் இறுதியில் புறனடை என்று ஒன்றை வைத்தார்கள். சொன்னவற்றில் அடங்காதவை உண்டு, அவற்றை வழக்கு நோக்கிக் கொள்க என்பது அதன் கருத்து. விதி எங்கே முடிகிறது என்று சொல்வது விதியைப் பலவீனப்படுத்துவதில்லை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கணிதம் இன்னும் கறாரானது. அங்கே வழக்கு மட்டும் போதாது. நீட்டித்த விதி வேறெதையும் உடைக்கவில்லை என்று சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனையைத்தான் மாணவர்கள் பார்க்க வேண்டும். அடுக்குக்குறிப் பாடத்தில் "இது நாம் செய்த முடிவு, காரணம் இது" என்று இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும். அதைத் தமிழில் எழுதுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. இந்தக் கட்டுரைக்கு அவை போதுமானவையாகவே இருந்தன.

இரண்டும் இரண்டும் நான்குதான். அதில் ஐயமில்லை. ஆனால் கணிதம் அங்கே முடிந்துவிடுவதில்லை. விதி போதாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்டு, கேள்வியைப் பிரித்து, வந்த வழியைச் சொல்லிப் பதில் தருவதும் கணிதம்தான். நல்ல இலக்கிய விமரிசனத்திடம் நாம் எதிர்பார்ப்பதும் இதையேதான். ஆகவே அடுத்த முறை கூட்டத்தில் யாராவது "இலக்கியம் என்ன கணக்கா?" என்று கேட்டால், அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை என்று பதில் சொல்லலாம்.